இழை: படத்தைவிட வண்ணப்பட்டை உயரமாக நிற்கிறது. மேட்பிளாட்லிப்பில் (பைத்தானில் படம் வரையும் நூலகம்) இதைச் சரியாக அடக்குவது எப்படி?

கெலுகோர்_மாணவி | இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் வந்த வெள்ளம் ஞாபகம் இருக்கும். அந்த மழையைத்தான் முதுகலை ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். தரவு ஐமெர்க், அதாவது ஜிபிஎம் செயற்கைக்கோள் திட்டத்தின் மழை அளவுத் தொகுப்பு. 0.1 பாகைக் கட்டம், அரை மணிக்கு ஒரு கோப்பு. அதைக் கூட்டி நாள் மழையாக்கிவிட்டேன்.

முதல் படத்தில் நவம்பர் 3, 4, 5 மூன்று நாளும் பக்கத்தில் பக்கத்தில், 12க்கு 4 அங்குல ஃபிகரில் (முழுப் படத்தாள்). எல்லை 99.5 முதல் 102.5 கிழக்கு, 4 முதல் 7 வடக்கு, ஆகவே ஒவ்வொரு வரைபடமும் சரியான சதுரம். பக்கத்தில் வரும் கலர்பார் (வண்ணப்பட்டை) மட்டும் மேலேயும் கீழேயும் நீட்டிக்கொண்டு நிற்கிறது.

இரண்டாவது படம் சபா, சரவாக் சேர்த்து முழு மலேசியா. 99 முதல் 120 கிழக்கு, 0.5 முதல் 7.5 வடக்கு. இதில் நிலைமை இன்னும் மோசம். வரைபடம் ஒரு நீளப்பட்டையாக நடுவில் கிடக்கிறது, கலர்பார் அதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு உயரம்.

இணையத்தில் எங்கே தேடினாலும் "ஃப்ராக்‌ஷன் 0.046, பேட் 0.04 போடு" என்கிறார்கள். போட்டேன். முதல் படம் உடனே சரியாகிவிட்டது, இரண்டாவதில் பட்டையின் உயரம் அசையவே இல்லை. அந்த எண் எங்கிருந்து வந்தது, ஏன் ஒன்றில் மட்டும் பலிக்கிறது? வாய்மொழித் தேர்வில் யாராவது கேட்டால் "இணையத்தில் போட்டிருந்தது" என்று சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

லாப்டாப்பில் மேட்பிளாட்லிப் 3.8, ஆய்வகச் சர்வரில் 3.4. இரண்டிலும் ஓட வேண்டும்.

---

கொடிமலையான் | இரவு 9.58

நல்ல கேள்வி தங்கச்சி. அந்த எண்ணைக் காரணம் தெரியாமல் ஒட்டிக்கொண்டே போகிறவர்கள்தான் அதிகம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கலர்பாரும் ஒரு ஆக்ஸஸ்தான் (ஃபிகருக்குள் படம் வரையும் சட்டம்) என்பதை மனதில் வைத்துக்கொள். அதற்கு இடம் வேண்டும், அந்த இடத்தை அது உன் வரைபடத்திடமிருந்து வெட்டி எடுக்கிறது. நீ எதுவும் சொல்லாவிட்டால் வரைபடத்துக்கு ஒதுக்கிய பெட்டியின் அகலத்தில் 15 விழுக்காடு பட்டைக்கு (இதுதான் ஃப்ராக்‌ஷன்), 5 விழுக்காடு இடைவெளிக்கு (இதுதான் பேட்). மீதி 80தான் வரைபடத்துக்கு. (நோட்புக்கில் அதே ஆக்ஸஸ் மேல் கலர்பார் கட்டளையை மறுபடி மறுபடி ஓட்டினால் ஒவ்வொரு தடவையும் இப்படி வெட்டும். படம் சிறுத்துக்கொண்டே போவதற்கு அதுதான் காரணம்.)

வெட்டுவது பெட்டியை, படத்தை அல்ல. சிக்கல் பிறக்கும் இடம் இதுதான். இம்ஷோவோ (எண் கட்டத்தைப் படமாக்கும் கட்டளை) வரைபடமோ போடும்போது ஒரு பாகைக்கு ஒரு பாகை சமமாக இருக்க வேண்டும் என்று படம் தன் பெட்டிக்குள்ளே சுருங்கிக்கொள்ளும். பட்டைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெட்டி எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம் அது நிமிர்ந்து நிற்கும்.

உன் மலேசியாப் படத்தையே கணக்குப் போடுவோம். ஃபிகர் அளவைத் தொடாமல் விட்டால் 6.4க்கு 4.8 அங்குலம். அதில் ஆக்ஸஸ் பெட்டி 4.96 அகலம், 3.7 உயரம். 80 விழுக்காடு என்றால் படத்துக்கு 3.97 அகலம். உன் வரைபடம் 21 பாகைக்கு 7 பாகை, ஆகவே உயரம் மூன்றில் ஒன்று, 1.32 அங்குலம். பட்டையோ 3.7. நீ பார்த்த மூன்று மடங்கு இதுதான்.

இனி 0.046. கலர்பாருக்கு ஆஸ்பெக்ட் என்று ஓர் அளவுரு உண்டு, கேட்காமலே 20 என்று இருக்கும். அகலத்தைப்போல் 20 மடங்கு உயரத்துக்கு மேல் பட்டை போகாது. பெட்டி அகலத்தை 1 என்று வைத்துக்கொள். ஃப்ராக்‌ஷன் 0.046 என்றால் பட்டையின் உயரம் அதிகபட்சம் 0.92. படத்துக்கு மிஞ்சுவது 1இல் 0.046ம் 0.04ம் போக 0.914. படம் சதுரமாக இருந்தால் அதன் உயரமும் 0.914. இரண்டும் ஏறக்குறைய ஒன்று. வேறு ரகசியம் எதுவும் இல்லை.

ஆக, அந்த எண் சதுரப் படத்துக்கானது. அதுவும் ஆஸ்பெக்ட் 20 ஆக இருக்கும்வரை. பட்டை மெலிசாகத் தெரியட்டும் என்று 30க்கு மாற்றினால் கணக்கு உடனே உடைந்துவிடும்.

எந்தப் படத்துக்கும் பொருந்த வேண்டுமானால், உயரத்தை அகலத்தால் வகுத்த விகிதத்தை எடு. அதை (1 − பேட்) கொண்டு பெருக்கு, பிறகு (20 + விகிதம்) கொண்டு வகு. சதுரத்துக்கு 0.96 வகுத்தல் 21, வருவது 0.0457. மலேசியாவுக்கு 0.32 வகுத்தல் 20.33, வருவது 0.0157. போட்டுப் பார்.

---

பிரிக்பீல்ட்ஸ்வாசி | இரவு 10.20

கணக்கு அருமை அண்ணே. ஆனால் தினமும் வேலையில் இதைப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. எல்லையை மாற்றினால் விகிதம் மாறும், திரும்பவும் கணக்கு.

நான் பயன்படுத்துவது ஆக்ஸஸ்கிரிட்1 தொகுப்பில் இருக்கும் மேக் ஆக்ஸஸ் லொக்கேட்டபிள். அதிலிருந்து அப்பெண்ட் ஆக்ஸஸ், வலது பக்கம், அளவு "5%", பேட் 0.05. கிடைத்த ஆக்ஸஸை சிஏஎக்ஸ் (பட்டை உட்கார வேண்டிய ஆக்ஸஸ்) என்று கலர்பாருக்குக் கொடுத்தால் முடிந்தது. படம் வரையப்படும் நேரத்தில்தான் அளவெடுப்பதால் சுருங்கிய படத்தின் உயரத்தைப் பட்டை அப்படியே பிடித்துக்கொள்ளும். அளவு விழுக்காட்டில், பேட் மட்டும் அங்குலத்தில். இதைக் கவனிக்காதவர்கள் பேட் 5 என்று போட்டுவிட்டுப் பட்டை எங்கே போனது என்று தேடுவார்கள்.

சிஏஎக்ஸ் கொடுத்துவிட்டால் ஃப்ராக்‌ஷன், பேட், ஷ்ரிங்க், ஆஸ்பெக்ட் நான்குக்கும் வேலை இல்லை. கலந்து எழுத வேண்டாம்.

---

கெலுகோர்_மாணவி | இரவு 11.05

கொடிமலை அண்ணா, சூத்திரம் பலித்தது. மலேசியாப் படத்தில் பட்டை சரியான உயரம், ஆனால் குச்சி மாதிரி மெலிந்துவிட்டது.

பிரிக்பீல்ட்ஸ் அண்ணா, உங்கள் வழியில் இரண்டு தடை. கார்ட்டோபை (நிலவரைபட நூலகம்) வரைபடத்தில் அப்பெண்ட் ஆக்ஸஸ் பிழை கொடுக்கிறது. அதை விட்டுவிட்டு வெறும் இம்ஷோவில் முயன்றால், மூன்றாவது படத்துக்கு மட்டும் பட்டை சேர்த்தபோது அந்தப் படம் மட்டும் மற்ற இரண்டைவிடச் சிறியதாகிவிட்டது. மூன்றுக்கும் சேர்த்தால் ஒரே பட்டை மூன்று தடவை வருகிறது, இடம் வீண்.

---

பிரிக்பீல்ட்ஸ்வாசி | இரவு 11.18

கார்ட்டோபைக்கு வழி இருக்கிறது. அப்பெண்ட் ஆக்ஸஸ் தாய் ஆக்ஸஸின் வகையிலேயே குழந்தையையும் உருவாக்கப் பார்க்கும். வரைபட ஆக்ஸஸ் என்றால் அதற்கு ஒரு புரொஜெக்‌ஷன் வேண்டும், அது இல்லாமல் பிழை விழுகிறது. ஆக்ஸஸ் கிளாஸ் என்ற அளவுருவில் சாதாரண ஆக்ஸஸைச் சொல்லிவிடு.

மூன்று படம் ஒரு பட்டை என்பதற்கு அதே தொகுப்பில் இமேஜ்கிரிட் இருக்கிறது, சிபார் மோட் "சிங்கிள்". ஆனால் வரைபடத்தோடு சேர்ந்தால் எழுத வேண்டிய வரிகள் கூடும்.

---

பாயான்லெப்பாஸ்_இரவுப்பணி | நள்ளிரவு 12.40

நான் வானிலை ஆள் இல்லை, சிப் தொழிற்சாலையில் பரிசோதனைத் தரவு பார்க்கிறவன். ஆனால் இதே தலைவலி எங்களுக்குத் தினசரி. 300 மில்லிமீட்டர் வேஃபர் (சிப் செய்யும் சிலிக்கன் தகடு), வட்டமாக, ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு மதிப்பு, வண்ணத்தில். ஒரு பக்கத்துக்கு 25 வேஃபர், ஒரு லாட் முழுக்க.

பட்டையை எங்கே நிறுத்துவது என்று எல்லாரும் பேசுகிறீர்கள். அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். தங்கச்சி, உங்கள் மூன்று படத்துக்கும் விமின், விமேக்ஸ் (வண்ண அளவுகோலின் கீழ், மேல் எல்லை) ஒன்றா? நீங்கள் சொல்லாவிட்டால் ஒவ்வொரு படமும் தன் சொந்தத் தரவின் சிறியதையும் பெரியதையும் எடுத்துக்கொள்ளும். அப்புறம் நவம்பர் 3ஆம் தேதியின் மஞ்சளும் 5ஆம் தேதியின் மஞ்சளும் வேறு வேறு மழை. அந்த நிலையில் ஒரு பட்டையை மட்டும் பக்கத்தில் வைத்தால், அது மூன்றில் ஒரு படத்துக்குத்தான் உண்மை சொல்லும். மற்ற இரண்டுக்கும் பொய். கலர்பார் கட்டளை நீங்கள் கொடுத்த ஒரே ஒரு இமேஜைத்தான் பார்க்கும், மற்றவை ஒத்துப்போகின்றனவா என்று அது சோதிக்காது.

இந்தப் பொய் ஆபத்தானது. பட்டை நீட்டிக்கொண்டு நின்றால் அசிங்கமாகத் தெரியும், யாராவது கேட்பார்கள். அளவுகோல் பொருந்தாத படம் அழகாகவே இருக்கும், ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஒரு நார்ம் பொருளை (எந்த மதிப்புக்கு எந்த நிறம் என்று சொல்லும் அளவுகோல்) முதலிலேயே உருவாக்கி மூன்று படத்துக்கும் அதையே கொடுங்கள்.

---

கெலுகோர்_மாணவி | காலை 7.30

ஒரே நார்ம்தான் அண்ணா. பவுண்டரிநார்ம் (மதிப்புகளைப் படிப்படியாகப் பிரித்துப் படிக்கு ஒரு நிறம் கொடுப்பது), எல்லைகள் 0, 10, 30, 60, 100, 150, 200, 300. அதற்கு மேல் போனால் காட்ட எக்ஸ்டெண்ட் "மேக்ஸ்". ஆனால் நீங்கள் கேட்டது நல்லது. துணைப் படங்களில் இன்னும் அப்படிச் செய்யவில்லை, இன்றைக்கே சரிபார்க்கிறேன்.

---

கொடிமலையான் | காலை 8.15

இரவுப்பணி சொன்னதைத் தனியாக எழுதி ஒட்டிவைக்கலாம். உயரம், அகலம் எல்லாம் அதற்கு அப்புறம்.

பவுண்டரிநார்ம் என்றதால் ஒரு சேர்க்கை. உன் எல்லைகள் சம தூரத்தில் இல்லை. இருந்தாலும் பட்டையில் கட்டங்கள் ஒரே உயரத்தில் வரும், ஏனென்றால் ஸ்பேஸிங் "யூனிஃபார்ம்" என்று இருக்கும். மழைக்கு இதுவே சரி என்பது என் கருத்து. "புரபோஷனல்" ஆக்கினால் 0 முதல் 10 வரையுள்ள கட்டம் கண்ணுக்கே தெரியாது, 200 முதல் 300 வரை பட்டையில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும். மேலே வரும் முக்கோணம் பட்டையின் மொத்த நீளத்துக்குள்ளேயேதான் அடங்கும், ஆகவே 300 என்ற எண் படத்தின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும். அது பிழை இல்லை.

இனி உனக்கு நான் சொல்லும் வழி. 3.4, 3.8 இரண்டிலும் ஓட வேண்டும் என்றாய். இன்செட் ஆக்ஸஸ் 3.0இலிருந்தே இருக்கிறது. மூன்றாவது வரைபடத்தின்மேல் இன்செட் ஆக்ஸஸைக் கூப்பிட்டு நான்கு எண் கொடு: 1.04, 0, 0.05, 1. வரிசையாக இடது, கீழ், அகலம், உயரம். எல்லாம் அந்த வரைபடத்தின் அளவில்தான். 1.04 என்றால் வலது விளிம்பைத் தாண்டி 4 விழுக்காடு தள்ளி, உயரம் 1 என்றால் படத்தின் உயரம் முழுக்க. சுருங்கிய பிறகு இருக்கும் படத்தைப் பார்த்துத்தான் இது நிற்கும், பெட்டியைப் பார்த்தல்ல. யாரிடமிருந்தும் இடம் வெட்டாது, ஆகவே மூன்று படமும் ஒரே அளவு. கார்ட்டோபையிலும் தகராறு இல்லை, அது உருவாக்குவது சாதாரண ஆக்ஸஸ். பிறகு சிஏஎக்ஸ் என்று கொடு.

வெட்டாது என்பதால் இடத்தை நீதான் விட வேண்டும். சப்பிளாட்ஸ் அட்ஜஸ்டில் வலது பக்கம் 0.88 அளவில் நிறுத்திப் பார்.

---

பிரிக்பீல்ட்ஸ்வாசி | காலை 9.02

லாப்டாப்பில் மட்டும் ஓட்டினால் போதும் என்றால் இத்தனை பாடு வேண்டாம். 3.6இல், அதாவது 2022இல், லேஅவுட் "கம்ப்ரெஸ்ட்" வந்துவிட்டது. சம விகிதப் படங்களுக்கென்றே செய்தது. ஃபிகர் உருவாக்கும்போதே அதைச் சொல்லிவிட்டு, கலர்பாருக்கு மூன்று ஆக்ஸஸையும் ஒரு பட்டியலாக ஏஎக்ஸ் என்று கொடு. மூன்றும் சம அளவு சுருங்கும், நடுவில் வெற்றிடம் இருக்காது, பட்டை படத்தின் உயரத்துக்கு வந்துவிடும். கன்ஸ்ட்ரெய்ண்ட் லேஅவுட்டும் படங்களை அடுக்கிக் கொடுக்கும், ஆனால் அது வெற்றிடத்தைப் படங்களுக்கு நடுவில் அப்படியே விடும், பட்டையும் உயரமாகவே நிற்கும்.

சர்வரில் பதிப்பை ஏற்றச் சொல்லிக் கேட்பது நல்லது. 3.4 பழசு.

---

பழைய_மேட்லேப்காரன் | காலை 10.11

இவ்வளவு பேசுவதற்கு ஃபிகரில் ஆட் ஆக்ஸஸ் போட்டு நான்கு எண்ணைக் கையால் கொடுத்துவிட்டுப் போகலாமே. 0.91, 0.2, 0.015, 0.6. மேட்லேப்பில் நான் எப்போதும் கலர்பாரின் பொசிஷனில் இப்படித்தான் எழுதுகிறேன். எழுதிய உடனே லொக்கேஷன் "மேனுவல்" ஆகிவிடும், அப்புறம் அது அச்சுப் பெட்டியைத் தொடாது. எங்கே வைத்தேனோ அங்கேயே இருக்கும்.

---

பாயான்லெப்பாஸ்_இரவுப்பணி | காலை 10.45

ஒரே ஒரு படம், இனி மாறவே மாறாது என்றால் சரி ஐயா. எங்கள் அறிக்கை ஒவ்வொரு ஷிஃப்டும் தானாக ஓடுகிறது. ஒரு நாள் 25 வேஃபர், ஒரு நாள் 13. கையால் எழுதிய எண் வரிசை மாறிய நிமிடமே பட்டையை ஏதாவது ஒரு வேஃபர் மேல் ஏற்றிவிடும். அந்த நான்கு எண்ணும் ஃபிகர் முழுவதற்கும் உரியவை, படம் எங்கே இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது.

---

பழைய_மேட்லேப்காரன் | காலை 11.00

தானாக ஓடும் அறிக்கைக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆய்வேட்டுக்கு ஒரு தடவை போடும் படத்துக்குக் கையால் வைப்பதே தெளிவு என்பேன். எண் கண்ணெதிரே இருக்கும், எந்த லேஅவுட் இயந்திரமும் பின்னால் நின்று தள்ளாது.

---

பட்டர்வொர்த்_ஆசிரியர் | மதியம் 2.20

இழைக்குப் பக்கத்துக் கேள்வி, மன்னிக்கவும். தமிழ்ப்பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகளோடு வெப்பநிலை வரைபடம் போட்டோம். கலர்பாரின் பெயரைத் தமிழில் "வெப்பநிலை" என்று எழுதினால் கொம்பு இடம் மாறி "வ"வுக்கு அப்புறம் விழுகிறது. எழுத்துரு மாற்றியும் பயனில்லை. பிள்ளைகள் பார்க்கும் சுவரொட்டி, பிழையாக ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

---

கொடிமலையான் | மதியம் 3.05

சார், இது எழுத்துருவின் குறை இல்லை. பரவலாகப் புழங்கும் மேட்பிளாட்லிப் பதிப்புகள் எழுத்துகளை வந்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும். யூனிகோடில் "வெ" என்பதில் முதலில் வ, பிறகு கொம்பு. அதை முன்னால் கொண்டுபோய் வைக்க ஒரு வடிவமைப்பு வேலை நடக்க வேண்டும், அது அங்கே நடப்பதில்லை. "ஒ", "ஓ" வரிசையில் இன்னும் கெடும்.

இரண்டு வழி. எம்பிஎல்கெய்ரோ என்ற பின்தளத்தை ராக்ம் நூலகத்தோடு நிறுவினால் தமிழ் ஒழுங்காக வரும். அல்லது பிஜிஎஃப் பின்தளத்தில் ஸீலேடெக் வழியாகப் பிடிஎஃப் எடுங்கள், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை, ஸ்கிரிப்ட் தமிழ் என்ற தேர்வோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள். சுவரொட்டி அச்சுக்குப் போவதால் இரண்டாவதுதான் உங்களுக்கு ஏற்றது.

பெயரைப் பட்டைக்குப் பக்கத்தில் செங்குத்தாகப் படுக்க வைக்காதீர்கள் சார். தமிழில் சொல் நீளம், பிள்ளைகள் தலையைச் சாய்த்துப் படிக்க வேண்டியிருக்கும். கலர்பாரின் ஆக்ஸஸுக்குத் தலைப்பாகக் கொடுத்தால் பட்டையின் மேலேயே நேராக உட்காரும்.

---

பட்டர்வொர்த்_ஆசிரியர் | மாலை 5.40

ஸீலேடெக் வழி வந்துவிட்டது. கொம்பு சரியான இடத்தில். தலைப்பையும் மேலே ஏற்றிவிட்டேன். மிக்க நன்றி.

---

கெலுகோர்_மாணவி | இரவு 8.50

மூன்று நாள் படம் இன்செட் ஆக்ஸஸில் முடிந்தது. சர்வரிலும் லாப்டாப்பிலும் ஒரே மாதிரி. அகலம் 0.05க்குப் பதில் 0.06 வைத்தேன், எட்டு நிறத்தையும் பிரித்துப் பார்க்க அதுதான் வசதி.

மலேசியாப் படத்துக்குப் பட்டையைக் கீழே கிடைமட்டமாக வைத்துவிட்டேன். வரைபடமே அகலமாக இருப்பதால் பட்டைக்கும் நீளம் கிடைத்தது, எண்கள் நெருக்கமில்லாமல் வந்தன. தீபகற்பத்துக்கும் சரவாக்குக்கும் நடுவில் தென்சீனக் கடல் காலியாகக் கிடக்கிறதே, அங்கே உள்ளேயே வைத்தால் என்ன என்றும் தோன்றுகிறது. வைக்கலாமா?

இன்னொரு சந்தேகம். சேமிக்கும்போது பிபாக்ஸ் இஞ்சஸ் "டைட்" போடுகிறேன். ஆய்வேட்டில் ஏற்றினால் இரண்டு படத்தின் எழுத்தும் வேறு வேறு அளவில் தெரிகிறது. இரண்டுக்கும் 9 புள்ளிதான் கொடுத்திருக்கிறேன்.

---

கொடிமலையான் | இரவு 9.25

கடலில் வைக்காதே. நிலையங்களின் தரவோ, நிலப்பகுதி மட்டும் வெட்டிய தரவோ என்றால் அந்த இடம் உண்மையிலேயே காலி, தாராளமாக வைக்கலாம். உன்னுடையது ஐமெர்க், கடல்மேல் பெய்த மழையும் அதில் இருக்கிறது. நவம்பர் மாதம் அந்தக் கடல்தான் பருவமழைக்கு வழி. நத்துனாத் தீவுகளும் அங்கேதான், 108 பாகைக்குப் பக்கத்தில். பட்டையை அதன்மேல் போட்டால் தரவை மறைக்கிறாய். கீழே இருப்பதே சரி.

எழுத்து விஷயம்: "டைட்" சுற்றியுள்ள வெள்ளையை வெட்டிவிட்டுச் சேமிக்கும், ஆகவே நீ கேட்ட அளவில் கோப்பு வராது. மூன்று நாள் படத்தில் ஓரளவு வெட்டுப்படும், மலேசியாவில் மேலும் கீழும் நிறைய. பிறகு ஆய்வேட்டில் இரண்டையும் பக்க அகலத்துக்கு நீட்டும்போது எழுத்தும் வேறு வேறு விகிதத்தில் நீளும். ஃபிகர் அகலத்தைத் தாளில் வரப்போகும் அகலத்துக்கே வை, "டைட்"டை எடுத்துவிடு, உயரத்தை வரைபட விகிதத்துக்கு ஏற்ப நீயே குறை. அப்போது 9 புள்ளி தாளிலும் 9 புள்ளிதான். பின்னால் ஆய்விதழுக்கு அனுப்பினாலும் இந்தப் பழக்கம் உதவும். நேச்சரில் ஒரு பத்தி அகலம் 89 மில்லிமீட்டர், அதற்குச் சுருக்கினால் பட்டையின் எண்கள்தான் முதலில் படிக்க முடியாமல் போகும்.

---

பிரிக்பீல்ட்ஸ்வாசி | இரவு 9.41

பிடிஎஃப் ஆகச் சேமித்தால் ஒன்று பார்த்துக்கொள். சில பிடிஎஃப் நிரல்களில் தொடர்வண்ணப் பட்டைக்குள் மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரியும். கலர்பாரின் சாலிட்ஸில் விளிம்பு நிறத்தை "ஃபேஸ்" என்று வைத்தால் மறையும்.

---

கெலுகோர்_மாணவி | இரவு 10.30

"டைட்" எடுத்துவிட்டு அகலத்தை 6 அங்குலத்தில் நிறுத்தினேன், இரண்டு படத்திலும் எழுத்து இப்போது ஒரே அளவு. மலேசியாப் பட்டை கீழேயே இருக்கட்டும். துணைப் படங்கள் நான்கில் நார்ம் தனித்தனியாகத்தான் இருந்தது, எல்லாவற்றையும் ஒரே பவுண்டரிநார்முக்கு மாற்றிவிட்டேன். நவம்பர் 3ஆம் தேதி மழை இப்போது மற்ற இரண்டு நாளுக்குப் பக்கத்தில் எவ்வளவு லேசானது என்று பார்த்த உடனே தெரிகிறது. கொடிமலை அண்ணா, அந்தச் சூத்திரத்தைப் பின்னிணைப்பில் விளக்கத்தோடு சேர்க்கிறேன். எல்லாருக்கும் நன்றி.